12 வண்டி, ஒரு பகல்: வவுனியாவில இருந்து முல்லைத்தீவு சுத்தி யாழ்ப்பாணம் போக என்ன திட்டம்?

திருச்சி_ஹிமாலயன்
வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் இலங்கையில ஒரு குரூப் ரைடு. 12 பேர், 12 வண்டி: ஹிமாலயன் 411 ஏழு, ஹோண்டா எக்ஸ்ஆர் 250 அஞ்சு. எல்லாம் நீர்கொழும்பில வாடகைக்கு எடுக்கிறோம். பாதிப் பேர் தமிழ்நாடு, மீதி சுவிஸ், கனடா. அதுல ஒரு நாள் வன்னி. வாடகைக்காரங்க போட்டுக் குடுத்த திட்டம்: வவுனியா, மடு, மன்னார், பூநகரி, பரந்தன், முல்லைத்தீவு, திரும்பப் பரந்தன் வந்து யாழ்ப்பாணம். கூட்டிப் பார்த்தா 350 கிலோமீட்டர் பக்கம் வருது. ரோடு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஒரு பகல்ல முடியுமா? பெட்ரோல், சாப்பாடு, பஞ்சர், போலீஸ், ஆர்மி எல்லாத்துக்கும் விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட சொன்னா உதவியா இருக்கும்.

பரந்தன்_சந்தி
தனியாள் எண்டால் 350 ஓடலாம். 12 பேர் எண்டால் ஏலாது. றோட்டுப் பிழையில்லை, வெளிச்சம்தான் காணாது. செப்டம்பரில காலமை 6 மணிக்கு விடியும், பின்னேரம் 6.10 போல பொழுதுபடும். அதுக்குப் பிறகு வன்னி றோட்டில மோட்டார் சைக்கிள் ஓடுறது புத்தியில்லை. பகல் முழுக்கச் சூடேறின தாரில கட்டாக்காலி மாடு வந்து படுத்திருக்கும். எருமை எண்டால் கிட்டப் போனாப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நெல்லு ஏத்தின உழவு மெசின் (டிராக்டர்) பெட்டிக்குப் பின் லைற் இருக்கும் எண்டு நம்பி ஓடக்கூடாது.

மடு, மன்னாரை வேற நாளுக்கு விடுங்கோ. இப்பிடிப் போங்கோ:

வவுனியா – மாங்குளம் ஏ9 வீதியால 44 கி.மீ. மாங்குளம் – ஒட்டுசுட்டான் – முல்லைத்தீவு ஏ34 வீதி, 49. முல்லைத்தீவு – புதுக்குடியிருப்பு – விசுவமடு – பரந்தன் ஏ35, 52. பரந்தனில இருந்து கிளிநொச்சி போய்ச் சாப்பிட்டுத் திரும்ப 10. பரந்தன் – பூநகரி 26. பூநகரி – சங்குப்பிட்டிப் பாலம் – நாவற்குழி – யாழ்ப்பாணம் 25. எல்லாமாக ஏறக்குறைய 206.

12 வண்டிக்குச் சராசரி 45 கி.மீ. வேகம் வைச்சால் ஓட்டம் மட்டும் நாலரை மணித்தியாலம். நிக்கிற இடங்களுக்கு மூண்டரை. காலமை 6.15க்கு வெளிக்கிட்டால் பின்னேரம் 2.30. ஒரு பஞ்சருக்கு ஒரு மணித்தியாலம் கூட்டுங்கோ, 3.30. நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில ஹெல்மெற்றைக் கழட்டலாம். வெளிக்கிட ஒரு மணித்தியாலம் பிந்தினால் அந்த ஒண்டு பின்னேரம் ரெண்டாகும், ஏனெண்டால் வெயில் ஏறினாப் பிறகு எல்லாரும் நிண்டு நிண்டுதான் ஓடுவினம்.

முள்ளியவளை
வழி சரி. ஒரு மாற்று: புளியங்குளத்தில வலப்பக்கம் திரும்பி நெடுங்கேணியால ஒட்டுசுட்டானுக்கு ஏறலாம். காட்டுப் பாதை, வாகனம் குறைவு, மரநிழல் கூட. வந்த ஆக்களுக்கு வன்னிக் காட்டைக் காட்டவேணும் எண்டால் அதுதான் றோட்டு. ஏ9இல 44 கி.மீ. ஓடினால் யாழ்ப்பாண பஸ்ஸின்ர பின்பக்கம்தான் தெரியும்.

பரந்தன்_சந்தி
அண்ணை, ரெண்டு பேர் எண்டால் நானும் அதைத்தான் சொல்லுவன். செப்டம்பர் எண்டால் காட்டுக்குள்ள தண்ணி வத்தியிருக்கும், ஆனை குளங்களைச் சுத்தித்தான் நிக்கும். காலமை 7 மணிக்கு முன்னம் அந்தப் பாதையில 12 வண்டிச் சத்தத்தோட போறது சரியில்லை. ஏ34இலயும் ஆனை இருக்கு, ஆனால் அங்க றோட்டு அகலம், தூரத்திலயே தெரியும்.

முள்ளியவளை
ஒத்துக்கொள்ளுறன், காலமை வேண்டாம். ஆனை நிண்டால் என்ன செய்யிறது எண்டதையும் எழுதுவம். 100 மீற்றருக்கு முன்னமே நிப்பாட்டுங்கோ. ஹோர்ன் அடிக்கவேண்டாம், லைற்றை விட்டு விட்டுப் போடவேண்டாம், எஞ்சினை நிப்பாட்டவும் வேண்டாம். முன்னுக்கு நிக்கிறவர் வண்டியைத் திருப்பி வைச்சுக்கொள்ளவேணும். இதுக்குத்தான் பின்னுக்கு வாறவை நெருக்கியடிச்சு நிக்கக்கூடாது, முன்வண்டிக்குத் திரும்ப இடம் வேணும். ஒரு ஆனை கடந்து போச்செண்டு உடன எடுக்காதையுங்கோ. மற்றது பத்தைக்குள்ள நிக்கும், குட்டி இருந்தால் தாய் கடைசியாத்தான் வரும்.

சூரிச்_செயின்
அணிவகுப்பைப் பற்றி. ஐரோப்பாவில ஓடிப் பழகினவர்கள் 12 வண்டியையும் ஒரே அணியாக இடம் வலமாக மாறிமாறி ஓட்டப் பார்ப்பார்கள். இங்கே அது ஆபத்து. கணக்கைப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 17 மீற்றர். ஒரு நொடி இடைவெளியில் மாறிமாறி ஓடினாலே 12 வண்டிக்கு 185 மீற்றர் நீளம். பின்னால் 80இல் வரும் பஸ் இதை முந்தி முடிக்க 38 நொடி வேண்டும், அதற்குள் அது 850 மீற்றர் ஓடியிருக்கும். எதிரே அவ்வளவு வெறுமையான றோட்டு கிடைக்காது. கிடைக்காவிட்டால் பஸ்காரர் நடுவில் புகுந்துவிடுவார், அங்கே இருக்கிறவர் புல்லுக்குள் இறங்கவேண்டியதுதான்.

நாலு நாலாக மூன்று குழு. ஒரு குழுவின் நீளம் 50 மீற்றர், பஸ்ஸுக்கு 14 நொடி, 320 மீற்றர் போதும். குழுவுக்கும் குழுவுக்கும் குறைந்தது அரைக் கிலோமீற்றர். வளைவிலும் பாலத்திலும் கிரவலிலும் இடம் வலம் கிடையாது, ஒற்றை வரிசை, ரெண்டு நொடி இடைவெளி.

திருச்சி_ஹிமாலயன்
ரொம்ப நன்றிங்க. நாலு நாலா பிரிஞ்சா பின்னாடி வர்ற குழு வழி மாறிடாதா? எல்லார்கிட்டயும் மேப் இருக்கு, வாட்ஸ்அப்ல லொகேஷன் போட்டுக்கலாமா?

சூரிச்_செயின்
மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் காட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போகும். அதை நம்பவேண்டாம். சந்தியில் ஆள் நிறுத்துங்கள். ஒவ்வொரு குழுவிலும் கடைசியாக வருபவர், திரும்பவேண்டிய சந்தியில் நின்று, அடுத்த குழுவின் முன்வண்டியைக் கண்ட பிறகு புறப்படுவார். அவருடைய குழு 50இல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், அவர் போய்ச் சேர்ந்துகொள்வார். மூன்றாவது குழுவின் கடைசி ஆள்தான் முழு அணிக்கும் வால். கருவிப் பெட்டியும் ரியூப்புகளும் அவரிடம், ஏனென்றால் பழுதான வண்டியை அவர் மட்டும்தான் கட்டாயம் கடந்து வருவார்.

இந்தப் பாதையில் ஆள் நிற்கவேண்டிய இடங்கள்: மாங்குளம், முல்லைத்தீவு நகரம், புதுக்குடியிருப்பு, பரந்தன், பூநகரி வாடியடிச் சந்தி. நிற்பது சந்தி வாயில் இல்லை. திரும்பி 30 மீற்றர் தள்ளி, இடப்பக்கம், பின்னால் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி. ஒட்டுசுட்டானில் நேராகத்தான் போகவேண்டும், ஆனால் அங்கே நெடுங்கேணி றோட்டும் புதுக்குடியிருப்பு றோட்டும் பிரிவதால் புதியவர்கள் தடுமாறுவார்கள். அங்கேயும் ஒருவரை நிறுத்தலாம்.

கூகிள் காட்டும் குறுக்குப் பாதைகளில் பாதி குளத்துக்கட்டும் வாய்க்கால் கரையும்தான். முடிவில் துருசில் (குளத்து மதகில்) போய் நிற்பீர்கள்.

கறாச்காரன்_கிளி
பஞ்சரைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஹிமாலயன் 411, எக்ஸ்ஆர் ரெண்டுக்கும் கம்பி றிம், ரியூப் ரயர். ரியூப் இல்லாத ரயருக்கு அடைக்கிற நூல் கொண்டு வந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. முன்சில்லு ரெண்டுக்கும் 21 இஞ்சி. பின்சில்லு ஹிமாலயனுக்கு 17, எக்ஸ்ஆருக்கு 18. ஊர்க் கடைகளில இங்க ஓடுற வண்டிகளுக்கு உள்ள 17, 18 இஞ்சி ரியூப் கிடைக்கும். 21 இஞ்சி கேட்டால் கையை விரிப்பினம். அதால 21 ரெண்டு, 17 ஒண்டு, 18 ஒண்டு நீர்கொழும்பிலயே வாங்கிக்கொண்டு வாங்கோ. ஆபத்துக்கு 21 ரியூப்பைப் பின்சில்லுக்குள்ளயும் மடிப்பு விழாமல் பார்த்துப் போட்டு 50 கி.மீ.க்குள்ள ஒரு கடை வரைக்கும் மெல்ல ஓடலாம்.

இங்க ஆணியை விட முள்ளுத்தான் கூட. காரை, உடை, விடத்தல். வேலி அடைக்கிற காலத்தில வெட்டின கொப்பு றோட்டுக் கரையில கிடக்கும். போட்டோ எடுக்க எண்டு வேலியோரத்தில வண்டியை இறக்கினால் அதுக்கு மேலதான் ஏறும். விடத்தல் முள்ளு ரயருக்குள்ள முறிஞ்சு நிக்கும், வெளியில தெரியாது. புது ரியூப் போட்டு அரை மணித்தியாலத்தில திரும்பக் காத்துப் போறது இதாலதான். ரியூப்பில ஓட்டை எங்க எண்டு கண்டுபிடிச்சு, வால்வில இருந்து எத்தினை சாண் எண்டு அளந்து, ரயரில அதே இடத்தை உள்ளுக்குத் துணியால துடையுங்கோ. துணி எங்க மாட்டுதோ அங்க முள்ளு. வெறும் விரலால தடவாதையுங்கோ.

சில்லைக் கழட்ட முதல் செயின் இழுவைக் குறி எந்தக் கோட்டில நிக்குது எண்டு பார்த்து ஒரு போட்டோ எடுங்கோ. ரயர் ஏத்தேக்க கடைசி ஒரு சாண் ஏறாது. அங்க லீவரைப் போட்டு நெம்பினால் புது ரியூப்பைக் கடிச்சுப்போடும். எதிர்ப்பக்க ரயரை முழங்காலால அமத்தி றிம்மின்ர நடுப்பள்ளத்துக்குள்ள விடுங்கோ, இந்தப் பக்கம் தானா இளகும். சவர்க்காரத் தண்ணி கொஞ்சம் பூசினால் இன்னும் சுகம். ரியூப்புக்குள்ள முதல் கொஞ்சம் காத்து விட்டிட்டுத்தான் ரயருக்குள்ள வைக்கவேணும், சப்பையா வைச்சால் மடிஞ்சுபோகும். பழகின கைக்கு 25 நிமிசம்.

இன்னொண்டு: ஒரு வண்டி நிண்டால் 12ம் நிக்கவேண்டாம். அந்த நாலு பேர் குழுவும் வாலும் நிண்டால் காணும், மற்றவை அடுத்த தேத்தண்ணிக் கடைக்குப் போகட்டும். வெயிலுக்குள்ள 11 பேர் சுத்தி நிண்டு புத்தி சொன்னால் வேலை செய்யிறவனுக்குத்தான் கரைச்சல்.

திருச்சி_ஹிமாலயன்
அண்ணா, இதை அப்படியே பிரிண்ட் எடுத்து வச்சுக்கிறேன். பெட்ரோல்?

கறாச்காரன்_கிளி
வவுனியாவில முதல் நாள் பின்னேரமே எல்லாத்துக்கும் நிரப்புங்கோ. ஹிமாலயனுக்கு 15 லீற்றர் ராங்கி, லீற்றருக்கு 28 எண்டு குறைச்சு வைச்சாலும் 206 கி.மீ.க்குக் காணும். எக்ஸ்ஆரில பழைய மொடல்களுக்குச் சின்ன ராங்கி வரும், அதுகளை மட்டும் முல்லைத்தீவிலயோ கிளிநொச்சியிலயோ நிரப்பினால் சரி. காலமை 12 வண்டியையும் பெற்றோல் செட்டுக்குள்ள விட்டால் ஒண்டுக்கு ரெண்டு மூண்டு நிமிசம், காசு மாத்திறது வேற, அரை மணித்தியாலம் போயிடும். நிரப்பேக்க ஒரு ஆள் முழுக்காசையும் குடுங்கோ. 92 ஒக்ரேன் காணும், இந்த எஞ்சினுகளுக்கு 95 தேவையில்லை.

பாலைப்பழம்
சீசன் முடிஞ்சிருக்கும் எண்டது கவலைதான், ஆனி ஆடியில வந்திருந்தால் றோட்டுக் கரையில பாலைப்பழம் கிடைச்சிருக்கும். செப்டம்பரில வேற ஒண்டு நடக்கும்: சிறுபோக அறுவடை. இரணைமடு, முத்தையன்கட்டு நீர்ப்பாசனக் காணிகளில நெல்லு வெட்டி, தார் றோட்டில பாதியை அடைச்சுக் காயப்போடுவினம். ஓரத்தில கல்லு, தடி, வெத்துக் கான் வைச்சிருப்பினம், அதுதான் எல்லை. ஏ35இலயும் பக்க றோட்டுகளிலயும் காணலாம்.

ரெண்டு விசயம். நெல்லுக்கு மேல பிறேக் பிடிச்சால், முக்கியமா முன்பிறேக், சில்லு வழுக்கும். வேகத்தை முன்னமே 30க்கு இறக்கி, கைபிடியை நேர பிடிச்சு, பிறேக்கும் பிடிக்காமல் வேகமும் ஏத்தாமல் கடவுங்கோ. மற்றது, எதிர வாற வாகனம் நெல்லைத் தவிர்த்து உங்கட பக்கத்துக்குத்தான் வரும். அது அவற்ற பிழை எண்டு விவாதிக்கிற இடம் அது இல்லை, நீங்கள் நிண்டு விடுங்கோ. நெல்லுக்கு மேல வேணுமெண்டு ஏத்தாதையுங்கோ. அது ஒரு வீட்டின்ர ஒரு போக உழைப்பு, காவலுக்கு ஆரும் இல்லாத மாதிரித்தான் தெரியும், வேப்பமரத்துக்குக் கீழ ஒரு அம்மா இருப்பா.

முள்ளியவளை
வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பாதையில இருந்து கொஞ்சம் உள்ள. வைகாசிப் பொங்கல் எண்டால் அந்தப் பக்கம் வண்டி விடேலாது, செப்டம்பரில ஆறுதலாப் போய் வரலாம். பூட்ஸ் கழட்டிப் போட 12 பேருக்குப் பத்து நிமிசம், அதையும் கணக்கில எடுங்கோ. முல்லைத்தீவுக் கடற்கரையில வண்டியை மணலுக்குள்ள இறக்கவேண்டாம், பாரமான வண்டியைத் தள்ளி எடுக்கிறதில கிளச் கருகிடும். றோட்டிலயே விட்டிட்டு நடவுங்கோ. சைட் ஸ்ராண்டுக்குக் கீழ வைக்க நசுக்கின பால்மாத் தகரம் ஒண்டு எல்லாரும் கொண்டு திரியுங்கோ, மணலிலயும் உருகின தாரிலயும் உதவும்.

வட்டுவாகல் பாலம்: பழசு, ஒடுக்கம், ஒரு பஸ் ஏறினால் எதிர ஒண்டும் ஏறேலாது, கரைத் தடுப்பு இருக்கு எண்டு நம்பாதையுங்கோ. மழைக்கு நந்திக்கடல் நீரேரி நிரம்பினால் தண்ணி மேலால போகும். முல்லைத்தீவு நகரத்திலயே இண்டைக்கு எப்பிடி எண்டு கேட்டிட்டு இறங்குங்கோ. நாலு நாலாக் கடவுங்கோ, எதிர்ப்பக்கம் முழுக்க ஒழிஞ்ச பிறகு. பாலத்தில நிண்டு போட்டோ வேண்டாம்.

பாலம் தாண்டினால் முள்ளிவாய்க்கால். நினைவிடத்துக்கு முன்னால எஞ்சினை நிப்பாட்டி, ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டு நடந்து போங்கோ. அணியா நிண்டு வண்டியோட படம் எடுக்கிற இடம் இல்லை அது. ட்ரோன் கொண்டு வந்திருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி இல்லாமல் எங்கயும் பறக்க விடாதையுங்கோ. காம்ப் வாசல், சோதனைச்சாவடிப் பக்கம் கமெரா தூக்கக்கூடாது. ஹெல்மெற்றில பூட்டின கமெராவும் கமெராதான், அந்த இடங்களில நிப்பாட்டிவிடுங்கோ.

பரந்தன்_சந்தி
இதோட சேர்த்து: ஒண்டுக்குப் போக எண்டு காட்டுக்குள்ள இறங்கவேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றிற வேலை வடக்கில முழுக்க முடிஞ்ச கதை இல்லை, முகமாலைப் பக்கத்தை எல்லாருக்கும் தெரியும். பலகை இல்லாத இடத்திலயும் பழகின ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவேண்டாம். கடை, கோயில், செட் இந்த மூண்டு இடத்தில அலுவலை முடியுங்கோ.

பொலிஸ் மறிச்சால் கேட்கிறது மூண்டு: லைசன்ஸ், இன்சூரன்ஸ் அட்டை, வாகன வரிப்பத்திரம். மறிச்ச வண்டியோட அந்தக் குழு மட்டும் நிக்கட்டும். சர்வதேச அனுமதிப்பத்திரத்தில மோட்டார் சைக்கிள் வகுப்புக்கு முத்திரை இருக்கா எண்டு ஊரிலயே பாருங்கோ, கார் வகுப்பு மட்டும் குத்திக்கொண்டு வாற ஆக்கள் இருக்கினம். அதை இலங்கையில பதிஞ்சு எடுக்கவேணும். வேக எல்லை ஊருக்குள்ள 50, வெளியில 70. ஏ9இல வேகம் பிடிக்கிற மெசினோட நிப்பினம்.

சூரிச்_செயின்
விபத்தென்றால் 1990, இலவச அம்புலன்ஸ். 119 பொலிஸ். தெருப் பெயர் சொல்லிப் பயன் இல்லை. எந்த ஊர் தாண்டி எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், றோட்டோரக் கல்லில் என்ன இலக்கம், இதைச் சொல்லுங்கள். வவுனியா, மாஞ்சோலை (முல்லைத்தீவு), கிளிநொச்சி, இந்த மூன்று ஆஸ்பத்திரிகளில் எது கிட்ட என்று முன்வண்டிக்காரரும் வாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

குளிர்நாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு விழுகிறதை விட வெயில்தான் முதல் எதிரி. ஆளுக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் தண்ணீர், தாகம் வராவிட்டாலும். தலையிடி தொடங்கினால் வண்டி ஓட்டவிடாதீர்கள். பாமசியில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) வாங்கி, பக்கற்றில் போட்ட அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அரைவாசித் தண்ணீரில் கரைக்கக்கூடாது.

பாலைப்பழம்
சாப்பாடு: கிளிநொச்சி அம்மாச்சி உணவகம். 12 பேர் சொல்லாமல் கொள்ளாமல் சின்னக் கடைக்குள்ள ஏறினால் மீன் பொரிச்சு முடிக்கவே ஒரு மணித்தியாலம். அம்மாச்சியில ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு இருக்கலாம், மரக்கறிதான், வயித்துக்குப் பயமில்லை. மீன்தான் வேணும் எண்டால் முல்லைத்தீவுக் கடை ஒண்டுக்குக் காலமையே போன் பண்ணி ஆள் கணக்குச் சொல்லுங்கோ.

முறிகண்டி உங்கட வழியில வராது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஏ9 ஓடினால் வண்டி நிக்கும் எண்டு டிரைவர்மார் சொல்லுவினம். கிளிநொச்சியில இருந்து தெற்க கிட்டத்தான், கச்சான் கடலையும் வாங்கலாம்.

கறாச்காரன்_கிளி
பிள்ளையாரைக் கும்பிட்டாலும் செயினைப் பாருங்கோ.

திருச்சி_ஹிமாலயன்
கடைசியா ஒண்ணு. பரந்தன் – பூநகரி – சங்குப்பிட்டி பக்கம் காத்து அதிகமாமே? ஆனையிறவு வழியா ஏ9லயே போயிடலாமா?

பரந்தன்_சந்தி
ஆனையிறவிலயும் அதே காத்துத்தான். செப்டம்பர் எண்டால் சோளகம் (தென்மேற்குக் காத்து) இன்னும் இருக்கும், பின்னேரம் கூடும். பூநகரிக்குப் போகேக்க முகத்துக்கும் இடப்பக்கத்துக்கும் அடிக்கும், வாடியடியில திரும்பினாப் பிறகு பின்னுக்கும் இடப்பக்கமுமா மாறும். சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர், ரெண்டு பக்கமும் கடல்நீரேரி, ஒதுக்கு இல்லை. பக்கக் காத்துக்கு வேகம் 50, கைபிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால ராங்கியை அணைச்சு. எதிர லொறி கடக்கேக்க அது தள்ளுற காத்து வண்டியை ஒரு நொடி ஆட்டும். அதுக்கு இடம் விட்டு, லேனின்ர நடுவில ஓடுங்கோ. பின்சீற்றில உயரமாக் கட்டின பொதியை முதல் நாளே பக்கப் பைகளுக்கு இறக்குங்கோ.

2011 தையில பாலம் திறக்கமுதல் இதில படகுப் பாதைதான். இப்ப யாழ்ப்பாணத்துக்குள்ள நுழைய இதைவிட நல்ல வழி இல்லை. காத்துக்குப் பயந்து விடவேண்டாம், 3 மணிக்கு முன்னம் கடந்தால் சரி.

கறாச்காரன்_கிளி
அந்தப் பாலம் தாண்டினால் செயினில உப்புக்காத்தும் செம்மண்ணும் சேர்ந்து ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில நிப்பாட்டின உடன, செயின் சூடா இருக்கேக்கயே, மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைச்சு, உள்பக்கத்தில ஒயில் விடுங்கோ. எஞ்சினை ஓடவிட்டு, கியரில போட்டுச் செயின் துடைக்கிற ஆக்களைக் கண்டால் மறியுங்கோ. எஞ்சின் நிண்டிருக்கவேணும், சில்லைக் கையால சுத்தினால் காணும். முன்சில்லைத் தாங்கிற ஃபோர்க் குழாயில ஒட்டின தூசியையும் ஈரத்துணியால எடுத்துவிடுங்கோ, இல்லாட்டி மற்ற நாள் ஒயில் சீல் கசியும், வாடகைக்காரர் அதை உங்கட கணக்கில எழுதுவார். 12 வண்டிக்கு ரெண்டு பேர் ஒரு மணித்தியாலம். வெளிச்சம் இருக்கேக்க வந்து சேருங்கோ எண்டு சொல்லுறது இதுக்கும் சேர்த்துத்தான்.